கதவு, அமாரோ!

தொழில் சிகிச்சையாளர் என்று சொன்னால்
"ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று
இந்த ஊர் டாக்சிக்காரர்கள் எல்லோரும் கேட்டாகிவிட்டது.
பொத்தான் போடுவது, ஸ்பூன் பிடிப்பது,
மூக்கைத் துடைப்பது, கக்கூஸில் விழாமல் உட்கார்வது
என்று அடுக்குவேன்.
சம்பளம் உண்டா என்று சிரிப்பார்கள்.
எனக்கு உண்டு.

புந்தா அரேனாஸ். நவம்பர்.
வசந்தம் என்பது இங்கே
காற்றுக்கு வைத்த இன்னொரு பெயர்.
பிடித்துக்கொண்டு நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்.
வங்கி மேலாளர் கயிற்றைப் பற்றி
முழங்காலை மடக்கி
ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறார்.
கிளினிக் ஜன்னலில், வாக்கரைப் பிடித்தபடி
அமாரோ அவரைக் கவனிக்கிறான்,
தொழில் தெரிந்தவன் பார்வையில்.

படிவத்தில் நான் எழுதியது:
பன்னிரண்டு வாரத்தில், உதவியின்றி, மூன்று பொத்தான்.
அவன் இடக்கை
கட்டைவிரலை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும்.
மணிக்கட்டைத் தளர்த்தி
விரல் விரலாக வெளியே கூப்பிட வேண்டும்.
ஒரு பொத்தானுக்கு ஒன்பது நிமிடம்.
வீட்டிலும் அவனே போடட்டும்,
கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

யெஸ்ஸேனியாவுக்கு நண்டு ஆலையில் வேலை.
ஐஸில் ஊறிய விரல்களைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
சண்டைக்கு வராத குரலில் கேட்டாள்:
"ஆறே முக்காலுக்குப் பஸ்.
அந்த ஒன்பது நிமிஷத்தை எதிலிருந்து எடுக்கட்டும்?
நீங்களே சொல்லுங்க, மிர்னா."

படிப்பில் அந்தப் பாடம் இருந்திருக்கும்.
அன்றைக்கு நான் போகவில்லை போல.

வியாழக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.
அடுப்புக்கு மேலே காயும் சாக்ஸ்.
அக்கா மித்சி, மாமா நிபால்தோ, நாய் மன்ச்சா.
யார் உள்ளே நுழைந்தாலும்
கூடவே கடலும் நுழையப் பார்க்கிறது.
வீட்டுப்பாடம் பறக்கிறது,
அடுப்புச் சுடர் ஒரு பக்கமாய்ப் படுக்கிறது,
எல்லா வாயும் ஒரே நேரத்தில்:
"கதவு, மித்சி!"
"கதவு, மாமா!"
நாயைக்கூட விடவில்லை,
"கதவு, மன்ச்சா!"
விட்டது ஒரே ஒரு பெயரை.

"உனக்கு என்ன செய்ய வரணும், அமாரோ?"
முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது.
அவனுக்கு வார்த்தை வயிற்றிலிருந்து கிளம்பி
வாய்க்கு வந்து சேர நேரமாகும்.
சூப் ஆறியது.

"என்னையும் திட்டணும்," என்றான்.
"கதவுக்கு."

பொத்தானை அடித்துவிட்டேன்.
(இன்றும் அவள்தான் போட்டுவிடுகிறாள், பதினோரு நொடி.)
காற்று சுவரோடு அழுத்தி வைக்கும் கதவைப் பிரித்தெடுக்கக்
கைப்பிடியில் கயிறு கட்டினோம்,
வங்கி மேலாளர் தந்த யோசனை, அவருக்குத் தெரியாமல்.
கயிறு வழுக்கியது. முடிச்சுகள் போட்டோம்.
பாதி வந்த கதவைக் காற்று அவன் மேலேயே திருப்பிவிட்டது.
விழுந்தான். இன்னொரு முறை
என் மேல் விழுந்தான், அது மெத்தென்று இருந்ததாம்.
நாலாவது வாரம் அவனே கண்டுபிடித்தான்:
கையை நம்பாதே.
திரும்பு. வாக்கரை மேஜைக்காலில் முட்டுக்கொடு.
முதுகால் தள்ளு.
என்னிடம் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லாத நிலை.
படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் அறிக்கைத் தாள்களோடு நுழைந்தேன்,
இரண்டு கையிலும் சுமை.
"கதவு, அமாரோ!
குளிரடிக்குது, மரம் மாதிரி நிக்கிறியே!"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.
மித்சி எழப் பார்த்தாள்.
யெஸ்ஸேனியா அவள் தொடையைப் பிடித்து அழுத்தினாள்.
வெளியே காற்று தள்ள, உள்ளே இவன் தள்ள,
என் தாள்கள் ஒவ்வொன்றாய் அடுப்படிக்குப் போயின.
யாரும் பொறுக்கவில்லை.

தாழ் விழுந்தது.

என் மஃப்ளரில் பாதி கதவுக்கு வெளியே.
கழுத்து இழுபட, கதவோடு ஒட்டி நின்று கேட்கிறேன்,
கொஞ்சம் திறடா.

மாட்டானாம்.
திறக்கிறது வேற ஆள் வேலையாம்.